வகுபடாத கதிர்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் கையிலிருக்கும் சாக்பீஸ் உடையும். அடுத்து வாய் திறக்கும். அன்றைக்குச் சாக்பீஸோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். பிறந்து வளர்ந்தது அதிராம்பட்டினத்தில். செவுளைத் தூக்கிப் பார்த்தால் மீன் இன்றையதா நேற்றையதா என்று சொல்லிவிடுவேன். நெல் விஷயத்தில் மட்டும் சுத்த சூனியம். வேலைக்கு வந்த புதிதில் பஸ் ஜன்னல் வழியாக ஒரு நாற்றங்காலைப் பார்த்துவிட்டு, "புல்லு என்னமா வளர்ந்திருக்கு!" என்று பக்கத்து சீட்டு அம்மாவிடம் சொன்னேன். அவர் நன்னிலம் வரும்வரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார்.

ஏழாம் வகுப்பின் மூன்றாம் பருவத்தில் சராசரி, இடைநிலை அளவு, முகடு என்ற மூன்றும் வரும். புத்தகத்தில் இருக்கிறபடி நடத்தினால் பிள்ளைகள் கூட்டி வகுத்துவிடுவார்கள். எதற்குக் கூட்டினோம், எதற்கு வகுத்தோம் என்று கேட்டால் விட்டத்தைப் பார்ப்பார்கள். அதனால் அந்த வருஷம் எல்லாவற்றையும் கையால் தொட்டுச் செய்ய வைப்பது என்று முடிவு செய்தேன்.

முகட்டுக்கு வகுப்பு வாசலில் கிடந்த செருப்புகளே போதும் என்று தோன்றியது. பதினைந்து பிள்ளைகளின் செருப்புகளையும் சைஸ்வாரியாக வரிசை போடச் சொன்னேன். நான்காம் நம்பர் வரிசைதான் நீளமாக இருந்தது. அதுதான் முகடு என்றேன். எங்கள் வாப்பாவின் ரெடிமேட் கடையைப் பற்றியும் சொன்னேன். சரக்கு எடுக்கப் போகும்போது முப்பத்தெட்டு சைஸ் சட்டையைத்தான் அவர் அள்ளிக்கொண்டு வருவார். முகடு என்ற சொல் அவர் காதில் விழுந்ததே கிடையாது, ஆனால் முகடு தெரியாமல் ஒரு நாள்கூட அவர் கடையைத் திறந்ததில்லை.

சராசரிக்குப் புளியங்கொட்டை. ஐந்து பேருக்கு முன்னால் ஐந்து குவியல், ஒன்று பெரியது, ஒன்று சிறியது. எண்ணாமலே எல்லாவற்றையும் சமமாக்கச் சொன்னேன். பெரிய குவியலிலிருந்து எடுத்துச் சின்னதில் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். அப்போது கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் சொன்னாள்.

"டீச்சர், இது பரம்படிக்கிறதுதானே?"

வகுப்பே ஆமாம் ஆமாம் என்றது. எனக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. நடவுக்கு முன்னால் பலகையை இழுத்து, மேட்டுச் சேற்றை வழித்துப் பள்ளத்தில் தள்ளி, வயல் முழுக்க ஒரே மட்டமாக்குவதுதான் பரம்படிப்பது என்று அவளே எனக்கு விளக்கினாள். "மண்ணு வெளியிலேருந்து வராது டீச்சர். இருக்கிறதையே நிரவி விடுறது." பத்து வருஷமாகச் சராசரியை நடத்துகிறேன், இவ்வளவு சுத்தமாக எனக்கே சொல்ல வந்ததில்லை. அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அந்தப் பெண்ணைத்தான் இரண்டே நாளில் அவமானப்படுத்தி அனுப்பினேன்.

சனிக்கிழமை குறுவள மையக் கூட்டம். சுற்றுவட்டாரத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடி, அவரவர் வகுப்பில் செய்ததைக் காட்ட வேண்டும். பெரிதாக ஒரு சார்ட் போட்டு அசத்திவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. பொங்கல் முடிந்து ஊரெங்கும் சம்பா அறுவடை தொடங்கியிருந்தது. "நாளைக்கு ஆளுக்கு ஒரு நெற்கதிர் கொண்டு வாங்க. நம்ம ஊர் வயல்ல ஒரு கதிருக்குச் சராசரியா எத்தனை மணின்னு பார்ப்போம்" என்றேன்.

மறுநாள் பதினைந்து கதிர்கள் வந்தன. பதினான்கு கதிர்கள் கனத்தில் தலை கவிழ்ந்து கிடந்தன. அந்தப் பெண்ணுடையது மட்டும் விறைப்பாக நிமிர்ந்து நின்றது. அது ஏன் நிமிர்ந்து நிற்கிறது என்று நெல் தெரிந்த யாரும் கேட்க மாட்டார்கள். நானும் கேட்கவில்லை, ஆனால் என் காரணம் வேறு, எனக்கு எதுவுமே தெரியாது.

தரையில் பேப்பரை விரித்து, மணிகளை உதிர்த்து, பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணினார்கள். இருநூறு, இருநூற்று முப்பது, நூற்றுத் தொண்ணூறு என்று போர்டில் எண்கள் ஏறின. அவள் முறை வந்தது. "மணி முப்பத்தொண்ணு டீச்சர். பதரு எண்பத்து நாலு." வகுப்பில் பதரைத் தனியாக எண்ணியது அவள் ஒருத்திதான். நான் முப்பத்தொன்றை மட்டும் எழுதிக்கொண்டேன்.

எல்லாவற்றையும் கூட்டினால் 2999. பதினைந்தால் வகுத்தால் வகுபடவில்லை. புள்ளி வைத்து இழுத்துக்கொண்டே போனது. ஒரு கையில் சாக்பீஸ், ஒரு கையில் ஸ்கெட்ச் பேனா, மேஜையில் புத்தம் புது சார்ட், மணி மூன்றரை. அந்த முப்பத்தொன்றை எடுத்துவிட்டுப் பார்த்தேன். 2968. பதினான்கால் வகுத்தேன். சுளையாக 212. மீதி இல்லை. கணக்கு டீச்சர்களுக்கு மட்டும் வரும் ஒரு கெட்ட சந்தோஷம் இருக்கிறது, மீதி பூஜ்யமாக வரும்போது வருவது. அது என் தலைக்கேறிவிட்டது. அதே நேரத்தில், இவ்வளவு நேரம் என்னை இழுத்தடித்த அந்தக் கதிர் மேல் கோபமும் ஏறியது. சாக்பீஸ் உடைந்தது.

"கதிர் கொண்டு வான்னா பதரைக் கொண்டாந்திருக்கே! உருப்படியா ஒண்ணு பறிக்கத் தெரியாதா உனக்கு? இதெல்லாம் கணக்குல சேராது."

போர்டில் 31-இன் மேல் சிவப்பில் ஒரு கோடு இழுத்தேன். கதிரின் வெறும் காம்பை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டேன். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. மணி அடித்து எல்லோரும் போன பிறகு, கூடையிலிருந்து அந்தக் காம்பை எடுத்துத் தூசியைத் தட்டி, பேப்பரில் கிடந்த தன் மணிகளையும் பதரையும் கூட்டி அள்ளிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். நான் சார்ட்டுக்கு ஓரம் போட்டுக்கொண்டிருந்தேன். பார்த்தும் பார்க்காதவள் மாதிரி இருந்தேன்.

அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அறுப்பு நேரம், வீட்டில் வேலை இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அவளுடைய பெஞ்ச் தோழியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அவ இனிமே வரமாட்டாளாம் டீச்சர். அவங்கம்மாகிட்ட சொல்லிட்டா. அம்மாவோட வேலைக்குப் போறேன்னு சொல்றா."

"எதுக்காம்?"

அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னது. "நான்தான் கணக்குலயே சேர்த்தி இல்லையேன்னு சொன்னா டீச்சர்."

ஏழாம் வகுப்பில் ஒரு பெண் ஒரு வாரம் வராமல் இருந்தால் அது ஒரு மாதமாகும். ஒரு மாதமானால் அவள் பெயரை வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் பார்க்க முடியும். இப்படி மூன்று பெண்களை நான் பறிகொடுத்திருக்கிறேன். அந்த மூன்று பேரும் வீட்டுக் கஷ்டத்தால் போனார்கள். இவளைத் துரத்தியது நான். இவ்வளவும் தெரிந்தும் சனிக்கிழமை காலையில் சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு கூட்டத்துக்குத்தான் போனேன். இதை எழுதவே கூசுகிறது.

கூட்டத்தில் என் சார்ட்டுக்கு நல்ல பேர். கைதட்டினார்கள். போட்டோ எடுத்து குரூப்பில் போட்டார்கள். பின் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு சார், பள்ளிக்கூடம் போக மீதி நேரம் சொந்தமாக விவசாயம் பார்ப்பவர், எழுந்து பக்கத்தில் வந்து சார்ட்டைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இருநூத்திப் பன்னெண்டா? இந்த வருஷமா? பூப்புடிக்கிற நேரத்துல பத்து நாள் விடாம பேஞ்ச மழைக்குங்களா? அந்த வயலு எங்க இருக்குன்னு சொல்லுங்க டீச்சர். நான் ஒரு தடவ நேர்ல வந்து விழுந்து கும்புட்டுட்டுப் போறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் அசடு வழியச் சிரித்தேன். பிறகு அவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். பூ பிடிக்கும் நேரத்தில் மழை அடித்தால் மணி பிடிக்காது, பதராகப் போகும், இந்த வருஷம் சுற்றுவட்டாரத்தில் எல்லா வயலிலும் அந்தக் கதைதான் என்றார். டீயைக்கூட முடிக்காமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன்.

அவளுடைய அம்மா அப்போதுதான் அறுப்பு வேலை முடிந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். என் வயசுதான் இருக்கும். கூலி வேலைக்கும் போகிறவர், குத்தகைக்குக் கொஞ்சம் நிலமும் வைத்துப் பயிர் செய்கிறவர். என்னைப் பார்த்ததும் மகள் உள்ளே போய்விட்டாள். வாசலுக்கும் அறைக்கும் நடுவில் ஒரு பூப்போட்ட சேலைத் திரை ஆடிக்கொண்டிருந்தது.

"வாங்க டீச்சர், உக்காருங்க" என்று பிளாஸ்டிக் சேரைத் துடைத்துப் போட்டார். என்னால் உட்காரவே முடியவில்லை. தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். மகள் ஏற்கனவே சொல்லியிருப்பாள், ஆனாலும் என் வாயால் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அவர் கோபப்படவில்லை. "ஏங்க டீச்சர், மத்த புள்ளைங்க அந்தக் கதிர எப்படிக் கொண்டாந்திருக்கும்னு நெனைக்கிறீங்க? பொங்கலுக்கு நெலப்படியில கட்டறதுக்குப் பறிப்போம் பாருங்க, அது மாதிரி வயலு பூராத் தேடி, இருக்கிறதுலயே நல்லதா ஒண்ணு பறிச்சுட்டு வந்திருக்கும். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போறதுன்னா யாராவது பதரையா கொண்டு போவாங்க? நானும் அப்படித்தான் ஒண்ணு பறிச்சுக் குடுத்தேன். இவதான் வேணாம்னுட்டா."

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நம்ம ஊரு வயலு எப்படி இருக்குன்னு பாக்கத்தானே கேட்டாங்க! நல்ல கதிரு எப்படி இருக்குன்னா கேட்டாங்க?"

பதினைந்து பேரில் நான் கேட்டதைக் கொண்டு வந்தது ஒரே ஒருத்தி. அதைத்தான் குப்பைக் கூடையில் போட்டிருக்கிறேன். மற்ற பதினான்கு பேரும் பொய் சொல்லவில்லை. மரியாதை செய்தார்கள், அவ்வளவுதான். சாமிக்குச் செய்கிற மரியாதையைப் பள்ளிக்கூடத்துக்கும் செய்தார்கள். நெல் தெரிந்த டீச்சராக இருந்தால் பறிக்கச் சொல்லும்போதே இதை யோசித்திருப்பாள்.

"தப்பு என் மேலதாம்மா" என்று திரையைப் பார்த்துச் சொன்னேன். "நீ செஞ்சதுதான் சரி. என்னை மன்னிச்சுடு."

அவளுடைய அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நானும் ஏழாவதோட நின்னவதாங்க. அப்ப ஏன் நின்னேன்னு கேட்டு யாரும் வூட்டுக்கு வரல. நீங்க வந்திருக்கீங்க. அவளும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா." இதைச் சொல்லிவிட்டு அவர் டீ போடப் போய்விட்டார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத்தான் தாங்க முடியவில்லை, கண் நிறைந்துவிட்டது.

டீயோடு வந்தபோது அவரே வழி சொன்னார். அவர்களுடைய வயலைச் செவ்வாய்க்கிழமைதான் அறுக்கப் போகிறார்கள். திங்கள்கிழமை எல்லாப் பிள்ளைகளையும் அங்கே அழைத்து வந்து மறுபடி கதிர் எடுக்கலாம். மேல்பக்கம் சுமாராக விளைந்திருக்கிறது, தாழ்ந்த பக்கம்தான் பதர்.

"அப்ப எல்லாருக்கும் கண்ணைக் கட்டிவிட்டுப் பறிக்கச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டேன். பெரிய யோசனை சொல்லிவிட்டதாக எனக்கு நினைப்பு.

திரை விலகியது. அந்தப் பெண் வெளியே வந்து நின்றாள். இவ்வளவு நேரம் என் மன்னிப்புக்கு வராதவள், என் முட்டாள்தனத்தைப் பொறுக்க முடியாமல் வந்தாள். "கண்ணைக் கட்டினா கை தேடும் டீச்சர். வெயிட்டா இருக்கிற கதிரைத்தான் கை புடிக்கும். அடியில புடிக்கணும். தூருக்கிட்ட எல்லாத் தண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும்."

"எந்தத் தூருன்னு எப்படி முடிவு பண்றது?"

"சும்மாட்டைத் தூக்கி எறிஞ்சா போச்சு" என்றார் அம்மா. தலைச்சுமைக்கு அடியில் வைக்கும் துணிச்சுருணைதான் சும்மாடு. திரும்பி நின்று தோளுக்கு மேல் பின்பக்கம் எறிய வேண்டும். அது விழுந்த இடத்தில் இருக்கும் தூரில், நிமிர்ந்து பார்க்காமல், அடியில் ஒரு தண்டைப் பிடித்து அறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் பயிற்சி வகுப்புகளில் மாதிரி எடுக்கும் முறை என்று அரை நாள் பாடம் நடத்தியிருக்கிறார்கள். அதில் ஒரு வார்த்தைகூட நினைவில்லை. இது இன்றைக்கும் மறக்கவில்லை.

கிளம்பும்போது, "திங்கட்கிழமை ஸ்கூலுக்கு வருவியா?" என்று கேட்டேன். அவள் கதவு நிலையைச் சுரண்டிக்கொண்டு நின்றாள். "வயலுக்கு வாங்க" என்றாள். பள்ளிக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை பிரேயரில் அவள் இல்லை. தலைமையாசிரியரிடம் வயலுக்குப் போக அனுமதி கேட்டேன். "பாம்பு கீம்பு கடிச்சா யாரு பதில் சொல்றது?" என்றார். நான் சொல்கிறேன் என்றேன். "உங்களைக் கடிச்சா?" என்றார். பாம்புக்குத்தான் ஆபத்து என்று பக்கத்து மேஜை டீச்சர் சொன்னார். அந்தச் சிரிப்பிலேயே அனுமதி கிடைத்தது.

வாய்க்கால் ஓரமாக வரிசையாக நடந்து போனோம். அவள் அம்மாவோடு வரப்பில் நின்றிருந்தாள். யூனிஃபார்ம் போடவில்லை. பழைய பாவாடை சட்டை. பள்ளிக்கு வரும் எண்ணம் அவளுக்கு இல்லை என்று புரிந்தது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பதினான்கு பேருக்கு முன்னால், "அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. நான் கேட்டதைச் சரியாக் கொண்டு வந்தது இவ ஒருத்திதான்" என்றேன். பிள்ளைகள் அதிசயமாகப் பார்த்தார்கள். டீச்சர் தப்பு என்று சொல்லி அவர்கள் கேட்டதில்லை போலிருக்கிறது.

சும்மாடு பறந்தது. ஒரு தடவை என் தலையிலேயே விழுந்தது, அதற்கு ஐந்து நிமிஷம் சிரிப்பு. ஒவ்வொருவராகக் குனிந்து, தூரின் அடியில் பிடித்து, ஒரு தண்டு எடுத்தார்கள். அரிவாளை மட்டும் அம்மா தன் கையிலேயே வைத்துக்கொண்டு அறுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு கதிராக உதிர்த்து ஒரு வாளித் தண்ணீரில் போட்டோம். மிதந்தது பதர், மூழ்கியது மணி. பதரையும் தனியாக எண்ண வேண்டும் என்ற அவளுடைய முறைதான் இப்போது சட்டம்.

எண்களோடு பதினைந்து பேரையும் சின்னதிலிருந்து பெரியது வரை வரப்பில் நிற்க வைத்தேன். வரப்பு குறுகல், ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் நிற்க முடியும். இடைநிலை அளவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. இரண்டு முனையிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒவ்வொருவராக இறங்கச் சொன்னேன். கடைசியில் ஒரு பையன் மட்டும் வரப்பில் தனியாக நின்று முழித்தான். கையில் 112. அதுதான் நடு. எந்த எண்ணும் இரண்டு தடவை வரவில்லை, அதனால் முகடு கிடையாது என்று அவர்களே சொன்னார்கள். கூட்டினால் 1594. சராசரி நூற்றாறும் கொஞ்சமும். நான் கைதட்டல் வாங்கிய 212-இல் கிட்டத்தட்ட சரிபாதி.

அந்தப் பெண்ணின் கதிரில் அன்று 97. ஆனால் அவள் தன் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வரிசையில் முதலில் நின்ற இரண்டு பேரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவனிடம் 22, இன்னொருத்தியிடம் 27. இரண்டுமே முப்பத்தொன்றுக்குக் கீழே. அவள் என் பக்கம் திரும்பினாள். நான் தலையாட்டினேன்.

இப்போதும் மூன்றாம் பருவம் வரும்போதெல்லாம் அந்த வரப்பு எனக்கு நினைவு வரும். ஒரு எண் கணக்கோடு ஒத்துவரவில்லை என்றால் உடனே அடிக்காமல், அது எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கம் அந்த வீட்டு வாசலில் வந்தது. பாடத்தைவிட அது பெரியது. என்னைத் திட்டாமல் டீ கொடுத்த அந்த அம்மாவுக்கும், கைதட்டலுக்கு நடுவில் கேலி செய்த அந்தச் சாருக்கும் மனசார நன்றி சொல்கிறேன். சாக்பீஸ் இன்னும் உடைகிறது. வாய்தான் கொஞ்சம் தாமதமாகத் திறக்கிறது.

அன்று வயலிலிருந்து திரும்பும்போது நான் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அம்மாவோடு நின்றுவிட்டிருந்தால் அதைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. பள்ளி கேட்டுக்குள் நுழைந்து பிள்ளைகளை எண்ணினேன். பதினைந்து. மறுபடி எண்ணினேன். காலெல்லாம் சேறாக, பழைய பாவாடையோடு, கடைசி ஆளாக அவள் நின்றாள்.

வகுப்புக்குள் வந்ததும் உட்காரவில்லை. நேராக என்னிடம் வந்து கையை நீட்டினாள். சாக்பீஸைக் கொடுத்தேன். சுவரில் ஒட்டியிருந்த சார்ட்டில் 2968 ÷ 14 = 212 என்று இருந்ததை ஒரு தடவை பார்த்துவிட்டு, போர்டில் 2968 எழுதினாள். அதன் கீழ் பெரிதாக 31. கூட்டினாள். 2999. பதினைந்தால் வகுக்கத் தொடங்கினாள். நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது. புள்ளி. ஒன்பது. மூன்று. மூன்று. மறுபடி மூன்று.

"முடிய மாட்டேங்குது டீச்சர். மூணு மூணா வந்துக்கிட்டே இருக்கு" என்றாள். போர்டின் ஓரம் வரை வந்துவிட்டிருந்தாள். "இன்னும் போடவா?"

"போடும்மா" என்றேன். போர்டின் மறுபாதியில் இருந்ததையெல்லாம் அழித்து அவளுக்கு இடம் கொடுத்தேன்.